அண்ணாமலைப் பெண்களின் பாட்டு எங்கே போயிற்று?

மார்கழி மாதம். விடியற்காலை நாலரை மணி. திருவண்ணாமலையில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் போய் நின்று பாருங்கள். மலையைப் பனி மூடியிருக்கும். வீட்டுக்கு வீடு ஒரு பெண் வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பாள். நடுவில் சாணி உருண்டையில் பூசணிப் பூ சிரிக்கும். காதிலே பாட்டும் விழும். பெண் குரல்தான். திருவெம்பாவைதான். ஆனால் கோலம் போடுகிறவள் பாடவில்லை. பாட்டு வருவது ஒலிபெருக்கியிலிருந்து!

ஒரு தெருவிலே ஐம்பது பெண்கள் விழித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பேர் வாயும் மூடியிருக்கிறது. கம்பத்தில் கட்டிய குழாய் ஒன்று மட்டும் பாடுகிறது. வேறு ஊராக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். திருவண்ணாமலையில் இப்படி நடக்கலாமா?

யார் பாட்டு?

ஏன் இந்த ஊருக்கு மட்டும் இந்தக் கேள்வி என்கிறீர்களா? திருவெம்பாவை பிறந்த இடமே இதுதான் என்பது சைவர்களின் மரபு. மாணிக்கவாசகர் பாண்டிய மன்னனிடம் மந்திரியாக இருந்தவர். சுமார் 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். பதவியை உதறிவிட்டு, சிவனைப் பாடிக்கொண்டே ஊர் ஊராக நடந்தார். அப்படி நடந்து அண்ணாமலைக்கு வந்தபோது மார்கழி மாதம். ஊர்ப் பெண்கள் இருட்டிலேயே எழுந்து, ஒருத்தி வீட்டுக் கதவை இன்னொருத்தி தட்டி, கூட்டமாகச் சேர்ந்து பாடிக்கொண்டு நீராடப் போனார்கள். அதைக் கண்டார். கண்டதைப் பாட்டாக்கினார். மொத்தம் 20 பாட்டு. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை என்ற கிராமத்தில் அவருக்கு ஒரு சிறு கோயில் இருக்கிறது. அந்த இடத்தில்தான் பாடினார் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். பெண்கள் அம்மானை ஆடும்போது பாடுகிற முறையில் அமைந்த திருவம்மானையும் இந்த ஊரிலே பாடியதுதான்.

இதிலே ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? முதலில் பாடியவர்கள் பெண்கள். மகான் கேட்டு எழுதினார், அவ்வளவுதான். அப்படியானால் அந்தப் பாட்டின் மூலதனம் யாருடையது?

பாட்டுக்குள் போய்ப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. முதல் பாட்டிலேயே தெரு வருகிறது. தெருவில் போகிற வாழ்த்தொலியைக் கேட்ட ஒரு பெண், விம்மி விம்மி அழுது, படுக்கையிலிருந்து புரண்டு விழுந்து, தன்னையே மறந்து கிடக்கிறாளாம். அவளைச் சொல்லிக் காட்டி, "உனக்கு மட்டும் என்னடி தூக்கம்?" என்று இன்னொருத்தியைக் கேட்கிறார்கள். வேறொரு வீட்டு வாசலில், "நாளைக்கு நானே வந்து உங்களை எழுப்புவேன் என்று நேற்றுப் பெருமை அடித்தாயே, அந்தப் பேச்செல்லாம் எங்கே போயிற்று?" என்று கேலி. இன்னொரு வீட்டில் படுக்கையில் இருந்தபடியே ஒருத்தி, "எல்லாரும் வந்தாயிற்றா?" என்று விசாரிக்கிறாள். "நீயே எழுந்து வந்து எண்ணிக்கொள். ஆள் குறைந்தால் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்" என்று பதில் வருகிறது! சடங்குப் பாட்டு மாதிரியா இருக்கிறது? நம் வீட்டுப் பெண்கள் நாலு பேர் ஒன்று சேர்ந்தால் பேசுகிற பேச்சு மாதிரி இல்லையா? பரிகாசமும் பக்தியும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. 18ஆவது பாட்டு அண்ணாமலையான் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறது.

ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு இதே மலையில் இன்னொரு பாட்டுப் பிறந்தது. ரமண மகரிஷி 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையில் இருந்தார். அவரோடு இருந்த அன்பர்கள் ஊருக்குள் பிட்சைக்குப் போவார்கள். போகும்போது பாட ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள். அப்படி எழுந்ததுதான் அட்சரமணமாலை. 108 கண்ணி. அந்தப் பாட்டைக் கேட்டாலே, வருகிறவர்கள் யார் என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். கதவு திறக்கும். சோறு வரும். அதுவும் ஒரு பெண், தன் நாயகனாகிய அருணாசலனிடம் முறையிடுகிற பாட்டுதான். பாடியவர்கள் ஆண்கள். சோற்றை ஏந்திக்கொண்டு வாசலில் நின்றவர்கள் பெண்கள். மகரிஷிக்கு ஆண்டுக்கணக்கில் தினமும் உணவு கொண்டு போன எச்சம்மாளின் பெயர் இந்த ஊரில் பிரசித்தம்.

இரண்டு பாட்டும் பெண்ணின் குரல். இரண்டும் நடந்துகொண்டே பாடுகிற பாட்டு. ஆனால் நடந்துகொண்டே பாடும் பெண்களை இன்று எங்கே தேடுவது?

சயாம் வரைக்கும் போன பாட்டு

இந்தப் பாட்டு நம் வீட்டு வாசலை விட்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சயாம் என்று நம் பெரியவர்கள் சொன்ன தாய்லாந்தின் தலைநகரம் பாங்காக். அங்கே ஒரு கோயிலுக்கு எதிரில் சிவப்புச் சாயம் பூசிய இரண்டு பிரம்மாண்டமான மரத்தூண்கள் நிற்கின்றன. அது ஓர் ஊஞ்சல் சட்டம். 1784இல் முதன்முதலாக நிறுத்தியது. ஆண்டுதோறும் அங்கே நடந்த விழாவுக்குப் பெயர் என்ன தெரியுமா? 'திரியம்பாவாய்'. நம் திருவெம்பாவைதான் அப்படித் திரிந்துவிட்டது! ஊஞ்சல் ஆட்டத்தை 1935இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அரண்மனைப் பிராமணர்கள் செய்யும் பூசை நிற்கவில்லை. நம் தேவாரம் திருவாசகத்தின் சில பகுதிகளைத் தலைமுறை தலைமுறையாக, பொருள் தெரியாமலே மனப்பாடமாக ஓதி வந்திருக்கிறார்கள்.

கடல் கடந்து போன பெருமை ஒரு பக்கம். அந்தப் பிரயாணத்தில் எது உடன் போகவில்லை என்பதையும் பாருங்கள். பாட்டு போயிற்று. பெண்கள் போகவில்லை. தோழியை எழுப்பப் பெண்கள் பாடிய பாட்டை, அங்கே ஆண்கள் மந்திரமாக உச்சரிக்கிறார்கள்.

நம் ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சோழர் காலத்தில் கோயிலில் பெண்கள் பாடினார்கள். திருவொற்றியூர்க் கோயிலில் தேவரடியார் பெண்கள் திருவெம்பாவை பாட ஏற்பாடு செய்திருந்ததைக் கல்வெட்டே சொல்கிறது. பிற்காலத்தில் அந்தப் பெண்களின் வாழ்க்கை என்ன கதிக்கு வந்தது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடினார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக் கட்டும் வழக்கத்தைச் சட்டம் ஒழித்தது. நல்ல காரியம். ஒழிய வேண்டிய வழக்கம்தான்.

ஆனால் அந்த வழக்கம் போனபோது கோயிலுக்குள் பெண் நின்று பாடிய இடமும் சேர்ந்தே போய்விட்டது. காலியான அந்த இடத்தில் வேறு வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. கிட்டத்தட்ட 60 ஆண்டு! 2006இல்தான் திருச்சி உறையூர் பஞ்சவர்ணசுவாமி கோயிலில் ஒரு பெண் ஓதுவாரை அரசு நியமித்தது. 2021 ஆகஸ்டில் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் இன்னொருவர். பிறகு வேறு சிலரும் வந்தார்கள். சந்தோஷம். ஆனால் ஓதுவார் என்பது ஓர் உத்தியோகம். கோயிலுக்கு ஒருவர். நான் கேட்பது தெருவுக்கு ஒரு கோஷ்டி.

குழாய் செய்த வேலை

இசைத்தட்டின் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. சூலமங்கலம் சகோதரிகள் ஜயலட்சுமியும் ராஜலட்சுமியும் சேர்ந்து பாடிய கந்த சஷ்டி கவசம் ஒலிக்காத தமிழ் வீடு உண்டா? எம். எல். வசந்தகுமாரியின் திருப்பாவையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எத்தனை! பெண்கள் மேடையில் ஜோடியாக உட்கார்ந்து பாடலாம், ஊரும் உலகமும் கேட்கும் என்று காட்டியவர்கள் அவர்கள். அந்தக் குரல்களைக் கேட்டு நம் வீட்டுப் பெண்களும் கூடவே பாடியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நடந்தது வேறு. "அவர்களே இவ்வளவு அழகாகப் பாடுகிறார்கள், நீ எதற்குக் கத்துகிறாய்?" என்று வீட்டிலே சொல்ல ஆரம்பித்தோம். பாட்டு என்றால் வித்வான் பாட வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

1950களில் காஞ்சிப் பெரியவர் திருப்பாவை, திருவெம்பாவை இரண்டையும் ஊரெங்கும் பரப்பப் பெரிய முயற்சி எடுத்தார். மாநாடுகள் நடந்தன. பிள்ளைகளுக்கு ஒப்புவிக்கும் போட்டிகள் நடந்தன. பரிசாகப் பாத்திரமும் புத்தகமும் கிடைத்தன. அந்தப் போட்டியில் கற்ற பாட்டி இன்றைக்கும் 20 பாட்டையும் தடங்கல் இல்லாமல் சொல்வாள். ஆனால் தனியாகச் சொல்வாள், பூசை அறையில். போட்டியில் ஒவ்வொருத்தியாகத்தானே மேடை ஏறினார்கள்!

ஒலிபெருக்கி விஷயத்தில் ஒரு சட்டமும் இருக்கிறது. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். 2000ஆம் ஆண்டில் மத்திய அரசு கொண்டுவந்த ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. விழா நாட்களில் அரசு சலுகை கொடுத்தாலும், அது நள்ளிரவு 12 மணி வரைக்கும்தான். விடியற்காலை நாலரைக்குச் சலுகையே கிடையாது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, நோயாளி, இரவு வேலை முடித்து வந்து படுத்தவன் எல்லாரையும் உத்தேசித்துப் போட்ட விதி. பெண்கள் பத்துப் பேர் வெறும் குரலில் பாடிக்கொண்டு போவதை இந்த விதி தடுக்கவில்லை. சட்டமே பெண்கள் பக்கம் இருக்கிறது. நாம்தான் இல்லை!

கறுப்பர் வீட்டுப் பெண்கள்

கூட்டமாகப் பாடிக்கொண்டு பெண்கள் ஊர் ஊராகப் போவது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஓர் அமெரிக்கக் கதை சொல்கிறேன். அங்கே நீக்ரோ மக்கள் என்று அந்தக் காலத்தில் அழைத்த கறுப்பர் இனத்தவருடைய தேவாலயங்களில் 'காஸ்பல்' என்று ஒரு வகைப் பாட்டு உண்டு. சுவிசேஷப் பாட்டு என்று சொல்லலாம். கைதட்டி, உடல் அசைத்து, மனம் உருகிப் பாடுவார்கள். பிலடெல்பியா நகரத்தில் கெர்ட்ரூட் வார்டு என்ற அம்மாள், 1931இல் தன் பெண்கள் வில்லா, கிளாரா இருவரையும் சேர்த்துக்கொண்டு ஒரு கோஷ்டி தொடங்கினார். பிறகு வேறு பெண்களும் சேர்ந்தார்கள். மோட்டாரில் ஏறி நாடெங்கும் போனார்கள். தெற்கு மாநிலங்களில் கறுப்பருக்கு ஓட்டலில் அறை கொடுக்கமாட்டார்கள். வெள்ளையருடன் உட்கார்ந்து சாப்பிட விடமாட்டார்கள். அதற்காகப் பிரயாணத்தை நிறுத்தினார்களா? இல்லை. 1957இல் நியூபோர்ட் என்ற ஊரில் நடந்த பெரிய சங்கீத விழாவில் அந்தக் கோஷ்டி பாடியது.

அந்தக் கதையில் கசப்பான பகுதியும் உண்டு. கோஷ்டியின் உயிர்க்குரலாக இருந்தவர் மரியன் வில்லியம்ஸ். கிடைத்த வருமானத்தில் பாடுகிறவர்களுக்கு வந்த பங்கு குறைவு என்று மனத்தாங்கல் ஏற்பட்டு, 1958இல் அவரும் வேறு சிலரும் பிரிந்து போய்த் தனிக் கோஷ்டி அமைத்தார்கள். பக்திப் பாட்டுதானே, கூலி எதற்கு என்ற பேச்சு அங்கேயும் உண்டு போலிருக்கிறது!

காஸ்பல் பாட்டின் அரசி என்று பெயர் பெற்ற மஹலியா ஜாக்சன் 1971இல் நம் நாட்டுக்கு வந்தார். கல்கத்தா, டில்லி, பம்பாயோடு நம் சென்னையிலும் பாடினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் காலமானார்.

அவ்வளவு தூரம் போவானேன்? திருவண்ணாமலைக்குள்ளேயே பாருங்கள். டேனிஷ் மிஷன் பள்ளிக்கூடத்தைத் தெரியாதவர் இந்த ஊரில் உண்டா? கிறிஸ்தவர்கள் இங்கே வெகுகாலமாக இருக்கிறார்கள். நம் மார்கழி பிறக்கிற அதே டிசம்பரில் தமிழ்நாடெங்கும் சபைகளில் கீத பவனி புறப்படும். வாலிபர்களும் பெண்களும் சிறுவர்களும் இரவிலே வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். கூடவே பெரியவர்கள் துணைக்குப் போவார்கள். போன வீட்டில் காப்பியோ தேநீரோ ஒரு துண்டு கேக்கோ கிடைக்கும். அந்தப் பெண்களின் தாய் தகப்பனுக்கு மட்டும் கவலை இல்லையா? இருக்கிறது. அதனால்தான் துணைக்கு ஆள் போகிறது. பாட்டை நிறுத்திவிடவில்லை.

"வயசுப் பெண்ணைத் தெருவிலா?"

பெரியவர்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். "வயசுப் பெண்ணை விடியற்காலை இருட்டில் தெருத் தெருவாக அனுப்புவதா? காலம் கெட்டுக் கிடக்கிறது ஐயா!"

காலம் கெட்டுக் கிடப்பது உண்மைதான். ஆனால் நாலரை மணிக்குக் கோலம் போட அதே பெண்ணைத் தனியாக வாசலுக்கு அனுப்புகிறோமே, அது எப்படி? தனியாக நிற்பதை விடப் பதினைந்து பேராகச் சேர்ந்து போவது ஆபத்தா?

அண்ணாமலையார் கோயிலின் வடக்குக் கோபுரத்துக்கு என்ன பெயர்? அம்மணி அம்மன் கோபுரம். பாதியில் நின்று கிடந்த கோபுரத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல், ஒரு பெண்மணி துறவுக் கோலத்தில் ஊர் ஊராக, வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டிக் கட்டி முடித்தார் என்பதுதான் அந்தப் பெயரின் கதை. தன்னந்தனிப் பெண். அவர் தெருவில் இறங்கியதை அண்ணாமலையார் தடுத்ததாகத் தெரியவில்லை. கோபுரத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

படிப்புக் கெட்டுவிடும் என்பது இன்னொரு கவலை. டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை வரும். அந்த நாட்களில் பள்ளிப் பெண்களை விட்டுவிடுங்கள். தாய்மார் பாடட்டும். மாமியாரும் மருமகளும் பாடட்டும். கோஷ்டி என்றால் கன்னிப் பெண்கள் மட்டும்தான் என்று யார் விதித்தது? நம் ஊர்ப் பஜனைக் கோஷ்டிகள் உடைகிற இடமே அதுதான். பன்னிரண்டு வயதில் பாட ஆரம்பித்து, இருபது வயதில் நல்ல குரல் பழுத்து வரும்போது கல்யாணம். புக்ககத்தில் பாட்டு என்றாலே முகம் சுளிப்பு. அத்தோடு சரி. நாற்பது வயதுக்குமேல் மறுபடி தொடங்கலாம் என்று பார்த்தால், தொண்டை இருக்கும், துணிச்சல் இருக்காது.

குளிர், சளி என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள்!

எந்தத் தெருப் பெண்கள் என்ற கேள்வி மட்டும் முக்கியமானது. மாட வீதிப் பெண்கள் மட்டும் சேர்ந்து ஒரு கோஷ்டி என்றால், அதற்கு நான் இவ்வளவு எழுதியிருக்க வேண்டாம். திருவெம்பாவையின் 20 பாட்டிலும் நீ எந்த வீட்டுப் பெண், எந்தக் குலம் என்ற விசாரணையே கிடையாது. தூங்குகிறாயா, விழித்தாயா என்பது ஒன்றுதான் விசாரணை. திருவூடல் தெருவிலிருந்தும் வரட்டும், ஊர்க்கோடிக் காலனியிலிருந்தும் வரட்டும், அடி அண்ணாமலையிலிருந்தும் வரட்டும். 2021இல் தொடங்கிய திட்டப்படி சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அந்தத் திட்டத்தின் பெயரே விடியல் பயணம்!

செலவு என்று ஒன்று இருக்கத்தான் செய்யும். நாகசுரத்துக்கும் தவிலுக்கும் சம்பளம் உண்டு. மேடைக் கச்சேரிக்குச் சன்மானம் உண்டு. ஒலிபெருக்கிக்குக்கூட வாடகை உண்டு. பஜனை பாட வந்த பெண்களுக்கு மட்டும் ஒரு ரவிக்கைத் துண்டும் ஒரு பொட்டலம் சுண்டலும் கொடுத்து, "ரொம்பப் புண்ணியம் அம்மா" என்று அனுப்பிவிடுகிறோம். ஒலிபெருக்கிக்கு ஒரு மாதம் கொடுக்கிற வாடகையை அந்தந்தத் தெரு கோஷ்டிக்குக் கொடுத்தால் போதும். சுருதிப் பெட்டி ஒன்று, கைத்தாளம் நாலு ஜோடி, கற்றுக்கொடுக்க வரும் ஓதுவாருக்குத் தட்சிணை, பாடி முடித்ததும் எல்லாருக்கும் சூடாகக் காப்பி. இதற்குமேல் என்ன வேண்டும்?

கற்றுக்கொள்ள ஐப்பசியிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். கார்த்திகையில் தீபக் கூட்டம் வந்துவிட்டால் இந்த ஊரில் யாருக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. தீபம் முடிந்து கூட்டம் கலைந்ததும் ஊர் சற்றே அமைதியாகும். மார்கழி பிறக்கும். திருவாதிரைக்கு முந்திய பத்து நாளாவது பாடலாம். முதல் நாள் அடி அண்ணாமலையில், மாணிக்கவாசகர் கோயிலில் தொடங்கட்டும். எட்டுப் பேர்தான் வந்தார்களா? கவலை வேண்டாம். அந்த 20 பாட்டில் முதல் எட்டும் கதவைத் தட்டி ஆள் சேர்ப்பதற்கென்றே இருக்கின்றன.